ஸ்டெல்லா தேர்ந்தெடுத்த வேகமானி

போன சனிக்கிழமை காலை ஒரு துப்பாக்கி சுடும் கிளப்பில் நின்றுகொண்டிருந்தேன். பயப்பட வேண்டாம்... நான் சுடவில்லை. சுட்டவர் ஸ்டெல்லா. சுங்கை பினாங்கில் எங்கள் அடுக்குமாடியில் எனக்கு நேர் மேல்வீடு.

வார நாள்களில் அவர் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதனை எஞ்சினியர். வார இறுதியில் ஏர் ரைபிள், அதாவது காற்றழுத்தத் துப்பாக்கி. பத்து மீட்டர் தள்ளி ஓர் அட்டை. அதன் நடுவில் முழுப் பத்து மதிப்பெண் கிடைக்கும் இடம் எவ்வளவு பெரியது தெரியுமா? இந்த வாக்கியத்தின் முற்றுப்புள்ளி அளவு.

முந்தின வாரம் மாநில அணிக்கான தேர்வு நடந்தது. ஸ்டெல்லாவின் குண்டுகள் மையத்துக்குக் கீழேயே போய் விழுந்தன. இடம் வேறொரு பெண்ணுக்குப் போயிற்று. ஆனால் ஒரு வழி இருந்தது – துப்பாக்கியில்தான் கோளாறு என்று காட்டினால் தேர்வுக் கமிட்டி மறுபடி சுட அனுமதிக்கும்.

குண்டின் வேகம் சீராக இல்லாவிட்டால், மெதுவாகப் போவது சற்றுத் தாழ்ந்து விழும். ஆக, கேள்வி ஒன்றுதான். குற்றம் துப்பாக்கியிலா, ஸ்டெல்லாவின் கையிலா?

அதைச் சொல்லத்தான் குரோனோகிராஃப் என்ற வேகமானி. இரண்டு மின்கண்கள், நடுவே ஒரு முழம்கூட இருக்காது. முதல் கண்ணைக் குண்டின் நிழல் தாண்டியதும் கணக்கு தொடங்கும், இரண்டாவதைத் தாண்டியதும் நிற்கும். நாம் இமைத்து முடிப்பதற்குள் குண்டு அட்டையைத் துளைத்திருக்கும். அந்தப் பாய்ச்சலின் ஒரு சின்னத் துண்டை மட்டும் வெட்டியெடுத்து அளந்து, எண்ணாகக் காட்டுகிறது. எத்தனை தடவை பார்த்தும் எனக்கு நம்ப முடியவில்லை.

மேசையில் இரண்டு கருவிகள் இருந்தன. ஒன்று கிளப்பின் பழைய கருவி, மேலே திறந்தது. இன்னொன்று மூடிய குழாய் போன்றது, விற்பனையாளர் பார்க்கக் கொடுத்தது. கிளப்புக்கு அதை வாங்கலாமா என்று பார்த்துச் சொல்லும் வேலையையும் ஸ்டெல்லாவிடமே விட்டிருந்தார்கள்.

முதலில் பழையதில் சுட்டார். எண்கள் தாறுமாறாகக் குதித்தன. ஒன்று ஏறியது, அடுத்தது சரிந்தது. கிளப் சாமான்களைப் பார்த்துக்கொள்ளும் குணா முகமெல்லாம் சிரிப்பாகக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டார். துப்பாக்கிதான் குற்றவாளி! நான்கூட வாழ்த்துச் சொல்லிவிட்டேன்.

ஸ்டெல்லா மட்டும் சிரிக்கவில்லை. தன் இடத்தைப் பிடித்த பெண் தேர்வில் சுட்ட ரைபிள் கிளப்பின் இரும்பறையில் இருந்தது. அதைக் கொண்டுவரச் சொன்னார். எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.

"எங்க கம்பெனில அளக்கிற சாமான முதல்ல அளந்து பார்ப்போம் அண்ணே. நல்லதுன்னு தெரிஞ்ச ஒன்ன வச்சு."

சுட்டார். பழைய கருவியில் அந்த ரைபிளுக்கும் எண்கள் அதே மாதிரி குதித்தன. அதில்தான் அந்தப் பெண் ஜெயித்திருந்தாள்!

ஸ்டெல்லா அண்ணாந்து கூரையைப் பார்த்தார். புதிதாக மாட்டிய எல்இடி விளக்குகள். அவை நமக்குத் தெரியாமல் சிமிட்டிக்கொண்டே இருக்குமாம். திறந்த கருவி அந்தச் சிமிட்டலில் குழம்பிப்போகும். மூடிய கருவிக்கு அந்தத் தொல்லை இல்லை – தனக்கு வேண்டிய வெளிச்சம் அதற்குள்ளேயே இருக்கிறது.

தன் ரைபிளை எடுத்து மூடிய கருவிக்குள் சுட்டார். மறுபடி சுட்டார். மறுபடியும்... கடைசி இலக்கம் மட்டும் லேசாக அசைந்தது. மற்றபடி ஒரே எண்.

துப்பாக்கி நிரபராதி.

குணா கைப்பேசியை எடுத்துக் காட்டினார்.

"போட்டோ இருக்கு லா, தங்கச்சி. லைட்டு விஷயமெல்லாம் கமிட்டிக்கு எங்க தெரியப்போவுது? அனுப்பிடவா?"

ஸ்டெல்லா ரைபிளைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். அவசரமே இல்லாமல்.

"அழிச்சிடுங்க அண்ணே. கிளப்புக்கு இந்த மூடினத வாங்குங்க."

அவ்வளவுதான். இந்த வருஷ அணி அந்த ஒரு வரியில் போய்விட்டது.

நாசி கண்டார் சோறு சாப்பிட கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்குப் போனோம். வருத்தமில்லையா என்று கேட்டேன். இருக்கிறது என்றார். நேற்று வரை துப்பாக்கி மேல்தான் சந்தேகமாம். அதை நம்பிப் பயிற்சிக்குக்கூட ஒழுங்காக வரவில்லையாம்.

"இப்ப எங்க தப்புன்னு தெரிஞ்சிருச்சுல்ல, அண்ணே? நாளைக்கு காலைல வந்து கைய சரி பண்ண வேண்டியதுதான்."

செய்தித்தாள் வேலையில் எத்தனையோ பேர் ஆதாரம் காட்டிப் பார்த்திருக்கிறேன். எதிராளி காட்டும் ஆதாரத்தைத் துருவித் துருவிக் கேட்பார்கள். தனக்குச் சாதகமான ஆதாரத்தை நிறுத்தி வைத்துக் குறுக்கு விசாரணை செய்த ஒருவரை இப்போதுதான் பார்க்கிறேன்.

என் வீட்டு எடை மெஷின் கிளினிக் மெஷினைவிட இரண்டு கிலோ குறைத்துக் காட்டுகிறது. அந்தக் கிளினிக் மெஷினில் ஏதோ கோளாறு என்றுதான் இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்!