அண்ணாவின் பெட்டி இரைந்த காலம்

உறை இல்லாத பொருள் ஒன்று வீட்டில் இருந்தால் எங்கள் அம்மாவுக்குப் பொறுக்காது. ரிவிக்குப் பூவேலை செய்த வெள்ளைத் துணி. ரிமோட்டுக்குப் பொலித்தீன் பையும் றப்பர் பான்டும். ரெலிபோன்கூடக் குட்டிப் பாவாடை ஒன்று கட்டிக்கொண்டுதான் மேசையில் இருந்தது. யாழ்ப்பாணத்தில் பழகிய பழக்கம் அது. கொழும்பில் வெள்ளவத்தைக்கு வந்த பிறகு இன்னும் கூடிவிட்டது. எங்கள் ஒழுங்கை நேரே போய்க் கடலில் முடியும். உப்புக்காற்று வீட்டுக்குள் வந்து, சுவரில் அடித்த ஆணியிலிருந்து அம்மாவின் தையல் ஊசி வரை எல்லாவற்றையும் துருப்பிடிக்க வைக்கும். ஆகவே லண்டன் மாமா ஆள் மூலம் கொடுத்துவிட்ட, ரிவியில் பூட்டி விளையாடுகிற கேம் பெட்டி வீட்டுக்கு வந்த அந்த வாரமே, மிஞ்சிய பிளவுஸ் துணியில் அதற்கும் ஒரு உறை தைத்து முடித்துவிட்டார். நாலு பக்கமும் சுருக்கு வைத்து, முன்னால் ஒரு ரோசாப்பூவும் போட்டிருந்தார்.

பெட்டியை மாமா அனுப்பியது அண்ணாவுக்காக. அண்ணா பள்ளிக்கூடத்தின் கடைசிச் சோதனையான ஏ.எல். எடுத்துவிட்டு, மாமா தன்னை எப்போது லண்டனுக்கு எடுப்பார் என்று காத்திருந்தான். அப்பா வேலையோடு யாழ்ப்பாணத்தில். சண்டையால் பாதையைப் பூட்டிவிட்டார்கள், அவரால் நினைத்தவுடன் வர முடியாது. கொழும்பில் அப்போது வயது வந்த தமிழ்ப் பெடியன்கள் ரோட்டில் போகவே பயம். ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிற வெள்ளை வான் என்ற சொல்லைப் பெரியவர்கள் எங்களுக்கு முன்னால் சொல்லமாட்டார்கள், ஆனால் எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் அது தெரியும். மாமா ரெலிபோனில் அம்மாவிடம் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன்.

“அக்கா, இதைக் குடுத்தா அவன் வீட்டுக்குள்ளேயே கிடப்பான். இஞ்ச என்ர பெடியள் சாப்பிடக்கூட எழும்புறாங்கள் இல்லை.”

மாமா சொன்னது பலித்தது. அண்ணா எழும்பவில்லை. அவனுடைய அறை நாங்கள் வாடகைக்கு இருந்த அனெக்ஸின் கடைசியில், குசினியில் நின்றால் கண்ணில் படாத எதிர்ப்பக்கம் இருந்தது. பக்கத்து ஒழுங்கைக்குத் திறக்கிற தனிக் கதவு ஒன்றும் அதற்கு உண்டு. அந்த அறையில் கதிரையைப் போட்டுக்கொண்டு, பக்கத்து வீடுகளுக்குக் கேட்காதபடி ரிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, அவன் காலையிலிருந்து கார் ஓட்டினான். ஒழுங்கை முனைக்குக்கூடப் போக விடாத பிள்ளை, திரையில் மலை மலையாக வளைந்து போகிற ரோட்டில் எவரும் மறிக்காமல் பறந்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இரண்டாவது கொன்ட்ரோலர் எனக்கு. நான் ஒருநாளும் வென்றதில்லை. “நுளம்பு, வலது பக்கம் திருப்பு, வலது எது எண்டு தெரியுமோ?” என்று கத்துவான். கொசு மாதிரி இருந்ததால் நான் அவனுக்கு நுளம்பு.

பெட்டி இரையத் தொடங்கியது மழைக்காலம் முடிந்த கையோடு. முதலில் மெல்லிய உறுமல். பிறகு மிளகாய் திரிக்கிற மில் ஒன்று வீட்டுக்குள் ஓடுவதுபோல ஒரு சத்தம். கொஞ்ச நேரத்தில் பெட்டி அடுப்புக்கல் மாதிரிச் சுட்டு, சிவப்பு லைற்றைக் காட்டிவிட்டுத் தானாகவே நின்றுவிடும். உறைதான் காரணம் என்று அண்ணா சொன்னான். உறை போடாவிட்டால் உப்புக்காற்றுப் பட்டு இதைவிடச் சீக்கிரம் பழுதாகும் என்றார் அம்மா. இரண்டு பேர் சொன்னதிலும் உண்மை இருந்ததால் சண்டை முடியவே இல்லை. அம்மா அந்தப் பக்கம் போனதும் அண்ணா உறையைக் கழற்றுவான், அவன் குளிக்கப் போனதும் அம்மா திரும்ப மாட்டிவிடுவார். சோடா மூடிகளைப் பெட்டிக்கு அடியில் வைத்து உயர்த்திப் பார்த்தான். மேசை ஃபானை அதற்கு நேரே திருப்பிவிட்டு, நாங்கள் இரண்டு பேரும் வேர்த்துக்கொண்டு இருந்தோம். காய்ச்சல்காரனுக்குப் போடுகிற மாதிரி ஈரத்துணி ஒன்றை மடித்துக்கொண்டு அம்மா வந்த அன்று அண்ணா பாய்ந்து போய்த் தடுத்தான். அடுத்தநாள் பெட்டியின் நெற்றியில் விபூதிக்குறி இருந்தது.

பெட்டி நிற்கிற நேரம்தான் வீட்டில் கெட்ட நேரம். அண்ணா எழும்பி அறைக்கும் விறாந்தைக்குமாக நடப்பான். செருப்புக்குள் காலை நுழைப்பான், எடுப்பான். “சும்மா கடற்கரைக்குப் போட்டு வாறன் அம்மா, என்னோட படிச்சவங்கள் எல்லாரும் அங்கதான் நிக்கிறாங்கள்” என்பான். உடனே அம்மாவுக்கு எங்கிருந்தோ வேலைகள் முளைத்துவிடும். தேங்காய் துருவித் தரவேண்டும், அலுமாரியை நகர்த்தவேண்டும், மேல்தட்டிலிருந்து பெரிய சட்டியை இறக்கவேண்டும். இறக்கிய சட்டியில் அம்மா எதையும் சமைத்ததை நான் காணவில்லை. பெட்டி ஆறி, திரும்ப இரையத் தொடங்கியதும்தான் அவர் முகம் நேராகும். குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டே, தலையைக் கொஞ்சம் சாய்த்து, அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிற்பார்.

மேல்வீட்டில் வீட்டுக்கார அன்ரி இருந்தார். கொழும்பிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க்காரி. கெட்டவர் இல்லை, பயந்தவர். வடக்கிலிருந்து வந்து தங்குகிறவர்கள் பதியவேண்டும் என்பதால் எங்கள் பெயர்களைப் பொலிஸில் பதிந்து கொடுத்தவரும் அவர்தான். ஒருநாள் பின்னேரம் படியில் பாதி தூரம் இறங்கி வந்து, குரலைத் தாழ்த்திக் கதைத்தார்.

“தங்கச்சி, உங்கட வீட்டுக்குள்ள என்ன மெஷின் ஓடுது எண்டு பக்கத்து வீட்டில கேக்கினம். பிள்ளையின்ர விளையாட்டுச் சாமான் எண்டு சொன்னன். ஆனா இந்த நேரத்தில நாங்க எத்தினை பேருக்குச் சொல்லலாம்? ஒருத்தர் பொலிஸுக்குப் போன் பண்ணிச் சொன்னாக் காணும். அதைத் திருத்துங்கோ, இல்லாட்டி நிப்பாட்டுங்கோ.”

நிப்பாட்டுவது நடக்கிற காரியமில்லை. அண்ணாவைக் கடைக்கு அனுப்புவதும் நடக்கிற காரியமில்லை. ஆகவே அம்மாவும் நானும்தான் பெட்டியைக் கொண்டுபோனோம். வயர்களைச் சுருட்டி, உறையையும் போட்டு, பெட்சீற்றால் சுற்றி, கைக்குழந்தையைத் தூக்குவதுபோல அம்மா மார்போடு அணைத்துக்கொண்டார். காலி வீதி என்ற பெரிய ரோட்டுக்கு ஏறியதும் காவல் நின்ற ஆமிக்காரன் கையைக் காட்டி மறித்தான். பெட்சீற்றுக்குள் வயர்கள் தொங்கினால் யார்தான் மறிக்கமாட்டார்கள்?

“மொகத மே?”, என்ன இது, என்றான். பள்ளிக்கூடத்துச் சிங்களத்தில் நான்தான், அய்யாகே கேம் எக்க, அண்ணாவின் கேம், என்று சொன்னேன். உறையைத் தூக்கிப் பார்த்தவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கும் அண்ணாவின் வயதுதான் இருக்கும். கார் ரேஸ் இருக்கிறதா என்று கேட்டான். இருக்கிறது என்றேன். போகச் சொன்னான். அம்மா தண்ணீர் குடிக்க வேண்டும் என்றார், ஆனால் குடிக்காமலேயே நடந்தார்.

திருத்துகிற கடை கட்டடம் ஒன்றின் கீழ்த்தளத்தில், ஒரு ஆள் மட்டும் இருக்கக்கூடிய இடத்தில் இருந்தது. கடைக்காரர் முஸ்லிம், பகிடிக்காரர். பெட்டியைக் கழற்றியதும் உள்ளேயிருந்து தூசியும், பிளவுஸ் துணியின் நூல்நூலான பஞ்சும், செத்த கரப்பான்பூச்சி ஒன்றும் வந்தன. ஃபானின் அச்சைத் துரு தின்றிருந்தது.

“இதுக்கு உடுப்பு உடுத்தி வெச்சா எப்புடி தாத்தா மூச்சு விடும்?” என்று ரோசாப்பூவைத் தூக்கிக் காட்டினார். அவர்கள் வழக்கில் தாத்தா என்றால் அக்கா. நான் வெட்கத்தில் நிலத்தைப் பார்த்தேன். “புது ஃபான் போடுறன். பொறகு ஓடுறதே வெளங்காது.”

அப்போதுதான் அம்மா கேட்டார். “தம்பி, சூடாகாம இருந்தாக் காணும். கொஞ்சம் சத்தம் இருந்தாலும் பரவாயில்லை.”

கடைக்காரருக்கு விளங்கவில்லை. சத்தத்தை நிறுத்தத்தானே வந்தீர்கள் என்பதுபோல என்னைப் பார்த்தார். “சத்தமே வராது, கேரண்டி” என்று அம்மாவுக்கு ஆறுதல் சொன்னார். புது ஃபானுக்கு விலை கூடப் போலிருக்கிறது, அதனால்தான் அம்மா இழுக்கிறார் என்று நான் நினைத்தேன். எனக்கு அப்போது பத்து வயது. அம்மாக்கள் எல்லோருமே காசை யோசிக்கிறவர்கள் என்று மட்டும்தான் எனக்குத் தெரியும்.

கடைக்காரர் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார். பெட்டி ஓடுவது யாருக்கும் தெரியவில்லை. அண்ணா துள்ளினான், மேல்வீட்டு அன்ரி வட்டிலப்பம் கொடுத்துவிட்டார். அம்மாவுக்கு மட்டும் நிம்மதி போனது. குசினியில் நின்ற நிலையில் கறியை இறக்கி வைத்துவிட்டு அறைவாசலுக்கு வருவார், எட்டிப் பார்ப்பார், போவார். அரிசி களைகிறபோது திரும்பவும் வருவார். “என்னம்மா, நான் என்ன பூனையே ஓடிப்போக? அங்க நிண்டு கேட்டாத் தெரியாதே?” என்று ஒருநாள் அண்ணா சினந்தான். கேட்டால் தெரியாது, அதுதானே அம்மாவின் கரைச்சல். அந்த வீட்டில் பூட்டு என்று இருந்தது அந்த இரைச்சல் ஒன்றுதான். அதையும் நாங்கள் சுமந்துகொண்டு போய், காசு கொடுத்துக் கழற்றிவிட்டு வந்திருந்தோம்.

அது நடந்த அன்று நான் ரியூஷனுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது அம்மா அண்ணாவின் அறை நடுவில் நின்றார். விளையாட ஆள் இல்லாவிட்டால் அந்த கேம் தானாகவே ஒரு ரேசை ஓடிக் காட்டும். திரையில் கார்கள் தங்கள் பாட்டில் ஓடிக்கொண்டிருந்தன. பக்கக் கதவு சாத்தியிருந்தது, பூட்டியிருக்கவில்லை. அண்ணாவின் அடையாள அட்டையும் பொலிஸ் பதிவுத் துண்டும் மேசையில் கிடந்தன. வீட்டில் போடுகிற வெறும் களிசானோடும் செருப்போடும் போயிருக்கிறான். கொஞ்ச நேரம் காற்று வாங்கிவிட்டு, ரேஸ் முடிவதற்குள் வந்து உட்கார நினைத்தவனாகத்தான் இருக்கும்.

கடற்கரையில் கடலை விற்கிறவர் சொன்னார். றெயில் பாதையோரம் ஒரு வாகனம் வந்து நின்றதாம். அங்கே இருந்த பெடியன்களை ஏதோ கேட்டார்களாம், நாலைந்து பேரை ஏற்றினார்களாம். மற்றப் பெடியன்கள் அன்று பொழுதுபடுவதற்குள் வந்துவிட்டார்கள். எங்களை முதலில் இறக்கிவிட்டார்கள் அன்ரி, அவனிடம் ஐசி இல்லை, என்று அவர்களில் ஒருவன் விறாந்தையில் நின்று அம்மாவிடம் அழுதான். அம்மா அந்த அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பொலிஸாக ஏறி இறங்கினார். ஒரு இடத்திலும் அப்படி ஒரு ஆள் இல்லை என்றார்கள். அப்பா எப்படியோ கப்பலில் இடம் எடுத்து வந்து சேர்ந்தார், அவரும் சேர்ந்து ஏறி இறங்கினார். மாமா ஒவ்வொரு நாளும் போன் எடுத்தார். எடுத்துவிட்டு அழுதார். மேல்வீட்டு அன்ரி எங்களுக்குச் சோறு அனுப்பினார், பிறகு ஒருநாள் வேறு வீடு பார்க்கும்படி மிக மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். அவரில் பிழை சொல்ல முடியாது. அண்ணா வரவில்லை. அவன் இருக்கிறானா இல்லையா என்று எங்களுக்கு ஒருவரும் இதுவரை சொல்லவில்லை.

புது வீட்டுக்குப் போவதற்கு முதல் வந்த பள்ளிக்கூட விடுமுறையில், எனக்கு ஒரு வேலையும் இல்லாத பகல் ஒன்றில், பெட்டியைப் போட்டேன். பெட்டி இரைந்த காலத்தைப்போலக் கேட்கட்டும் என்று ரிவியின் சத்தத்தை உச்சத்தில் வைத்தேன். அவனுடைய கதிரையில் நான் இருக்கவில்லை, பக்கத்தில் நிலத்தில் என் இடத்திலேயே இருந்தேன். கார்கள் உறுமிக்கொண்டு புறப்பட்டன. குசினியில் ஏதோ விழுந்து உடைந்தது. அம்மா ஓடி வந்தார். மாப்பிசைந்த கை அப்படியே இருந்தது. அறை வாசலில் வந்து நின்று கதிரையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அவருக்கு மூச்சு வாங்கியது.

சத்தத்துக்கு ஏச வந்திருக்கிறார் என்று நினைத்தேன். நல்ல பிள்ளையாக ரிமோட்டை எடுத்து, ஒன்றுமே கேட்காத அளவுக்கு அதைக் குறைத்துவிட்டேன்.