வாரத்துக்கு நாலு பவுண்டு

ரியன் பள்ளிச் சமையல்கட்டில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், அவளுடைய காலணியின் அடிப்பாகம் பிளந்துகொண்டு ஈரத் தரையில் சளக் சளக்கென்று சத்தம் போட்டது. யாரும் கவனிக்கவில்லை என்றுதான் நினைத்திருந்தாள். திங்கட்கிழமை வந்து பார்த்தால், அவளுடைய அலமாரியில் வழுக்காத கறுப்புக் காலணி ஒரு ஜோடி இருந்தது.

"எனக்குத் தபால்ல தப்பான அளவு வந்துடுச்சு. திருப்பி அனுப்பறது பெரிய தலைவலி. நீயே போட்டுக்கோ" என்றாள் கெய்னர், உருளைக்கிழங்கை மசித்தபடி, முகம்கூடத் திருப்பாமல். பழைய காலணியில் அளவு பார்த்து, கடைக்கே போய் வாங்கி வந்த காலணி அது என்று ரியனுக்குத் தெரியவர ஒரு வருடம் ஆனது.

கெய்னருக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. தம்பி எம்லின் வேல்ஸ் பள்ளத்தாக்கு முழுக்கப் பேருந்து ஓட்டியவன். நரம்பு நோய் வந்து முதலில் கால் போனது, பிறகு கையும் பாதி போனது. விடிந்ததும் அவனைத் துடைத்து, உடுத்தி, ஊட்டிவிட்டு, பகலில் மூன்று மணி நேரம் சமையல்கட்டில் நிற்பாள். பிறகு வீட்டுக்கு ஓட்டம்தான். ஞாயிறு காலை சபை ஆராதனையில் கடைசி வரிசையில் அவனுடைய சக்கர நாற்காலியும் இவளும் இருப்பார்கள். இத்தனைக்கும் அவளுக்கு ஒரு பென்னிகூட யாரும் தரவில்லை.

"உன்ன மாதிரி வீட்ல பார்த்துக்கறவங்களுக்கு அரசாங்கம் பணம் தருது கெய்னர். எழுதிப் போடு" என்று நச்சரித்தது ரியன்தான்.

எம்லினுக்குத் துணை தேவை என்று அரசு ஒப்புக்கொண்டால்தான் துணையிருப்பவளுக்குப் பணம். அதைச் சோதிக்க ஒரு பெண் அதிகாரி வருவதாகக் கடிதம் வந்தது. கெய்னர் என்ன செய்தாள்? அவள் அம்மா செய்திருக்கக்கூடியதையே செய்தாள். வீட்டைத் துடைத்தாள். எம்லினுக்குச் சவரம் செய்து, சபைக்குப் போகும் கோட்டை மாட்டி, பூப்போட்ட கோப்பைகளை எடுத்துவைத்தாள். அதிகாரி "எப்படி இருக்கீங்க?" என்று கேட்க, எம்லின் சிரித்துக்கொண்டே, "குறை சொல்ல ஒண்ணுமில்லீங்க" என்றான். எங்கள் ஊரில் சாகக் கிடப்பவனும் அதைத்தான் சொல்வான்.

ஆறு வாரத்தில் பதில் வந்தது. 'நன்றாக உடுத்தியிருந்தார். உற்சாகமாகப் பேசினார். குறை ஏதும் இல்லை என்றார்.' ஆகவே ஒன்றும் கிடையாது.

ரியனுக்கு வந்த கோபத்தில் கரண்டி கையைவிட்டுப் பறந்தது. "அந்தக் கோட்டுக்குப் பொத்தான் போட்டது யாருன்னு கேட்டாளா அவ?"

"அந்தப் பொண்ணு மேல தப்பில்ல கண்ணு. நாம சொல்லல" என்றாள் கெய்னர்.

ரியன் விடவில்லை. மேல்முறையீடு எழுதினாள். விசாரணைக்கு நாள் குறிக்கவே ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. மூன்று பேர் மேசைக்குப் பின்னால் இருந்தார்கள். ராத்திரியில் என்ன நடக்கும் என்று அவர்கள் கேட்டபோது கெய்னர் தலைகுனிந்துகொண்டாள். எம்லின்தான் வாயைத் திறந்தான்: "நான் படுக்கையை நனைச்சிடறேன். அக்கா எழுந்து மாத்தறா. அத என் முன்னால சொல்ல அவளுக்கு வெட்கம். எனக்கும்தான். எழுதிக்கோங்க."

ஜெயித்தார்கள். இருபத்தொரு மாதப் பாக்கி, ஆறாயிரம் பவுண்டுக்கு மேல், கெய்னரின் வங்கிக் கணக்கில் ஒரே நாளில் விழுந்தது.

"லாட்டரி அடிச்சுடுச்சாமே!" என்றாள் சமையல்கட்டில் மெரில். "இனிமே நாங்கெல்லாம் கண்ணுக்குத் தெரிவோமா?"

கெய்னர் சிரித்துக்கொண்டாள். அந்தப் பணத்துக்கு அவளிடம் ஒரே ஒரு வேலைதான் இருந்தது. குளியலறை மாடியில் இருந்ததால் நாலு வருடமாக எம்லின் உடம்பில் முழுசாகத் தண்ணீர் பட்டதில்லை, ஈரத்துணிதான். கீழே, படிக்கட்டுக்குப் பக்கத்தில், சக்கர நாற்காலி உள்ளே போகிற மாதிரி ஒரு குளியலறை. கொத்தனார் கெர்வின் அளந்து விலை சொல்லிவிட்டுப் போனார்.

வேலை தொடங்கும் முன்பே அடுத்த கடிதம் வந்துவிட்டது. இந்தப் பணம் வாங்குகிறவள் வாரத்துக்கு ஒரு வரம்புக்கு மேல் சம்பாதிக்கக் கூடாது; பதினோரு வாரம் அவளுடைய சம்பளம் அந்த வரம்பைத் தாண்டியிருக்கிறதாம். தாண்டியது வாரத்துக்கு நாலு பவுண்டு. அதற்காக அந்தப் பதினோரு வாரத்துப் பணம் முழுவதையும், எழுநூற்று அறுபத்தாறு பவுண்டு எழுபது பென்ஸ், திருப்பிக் கட்ட வேண்டும்.

ரியன் தேதிகளைப் பார்த்தாள். அவள் கர்ப்பப்பை அறுவைச் சிகிச்சை முடிந்து படுத்திருந்த வாரங்கள் அவை. வேறு ஆளை வைத்தால் ரியனின் இடம் போய்விடுமோ என்று, கெய்னர்தான் தினமும் கூடுதலாக நின்று அவளுடைய பாத்திரங்களையும் கழுவினாள்.

"நாப்பத்திநாலு பவுண்டு அதிகமா வாங்கினதுக்கு எழுநூறா? திருடன்கூட இப்படிக் கேக்கமாட்டான்! நான் கட்டறேன் கெய்னர். என்னாலதானே?"

"உனக்கு வயித்தைக் கிழிச்சது உன் தப்பா? வாயை மூடு."

ரியன் நாலு கடிதம் எழுதினாள். விதி விதிதான் என்று ஒரே பதில் வந்தது. அந்த நாலு பவுண்டு வாரங்களில் ஒரு ராத்திரியாவது எம்லின் தானாகப் புரண்டு படுத்தானா என்று ரியன் கேட்டிருந்தாள். அதற்கு அந்தக் கடிதத்தில் பதில் இல்லை. கெய்னர் பணத்தைக் கட்டிவிட்டாள். ஆண்டவர் பெயரைச் சொல்லி வாழ்கிறவளுக்கு அரசாங்கக் கடன் கழுத்தில் தொங்குவது பொறுக்கவில்லை.

கெர்வின் தலையைச் சொறிந்தார். மிச்சப் பணத்தில் தரையும் குழாயும் ஆகும். இழுக்கிற கதவும் அறைக்குச் சூடேற்றியும் ஆகாது.

"கதவு எதுக்கு? திரை போடுங்க" என்றான் எம்லின். "நான் உள்ள பாடிக்கிட்டே இருக்கேன். பாட்டு கேட்டா யாரும் கிட்ட வரமாட்டாங்க."

முதல் நாள் தண்ணீர் தலையில் விழுந்தபோது அவன் பாடவில்லை. திரைக்கு இந்தப் பக்கம் நின்ற ரியனுக்குத் தண்ணீர்ச் சத்தமும், கெய்னர் மெதுவாக "சூடு போதுமா?" என்று கேட்டதும்தான் கேட்டன.

ஏப்ரலில் எல்லோருக்கும் சம்பளம் உயர்ந்தது. மெரில் கேக் கொண்டுவந்தாள். கெய்னருக்கு மட்டும் அந்த உயர்வே வினையானது; அதே மூன்று மணி நேரத்துக்கு இப்போது வரம்பைத் தாண்டிவிடும். தினமும் அரை மணி குறைத்துக்கொடுங்கள் என்று கேட்டாள். மூன்று மணி நேரமும் நில், இல்லாவிட்டால் வேலையைவிட்டே நின்றுகொள் என்றார்கள். பன்னிரண்டு வருட வேலையை அவள் விட்டாள்.

கடைசி நாள், பின்வாசலில், ரியனின் கையைப் பிடித்துக்கொண்டாள். அதுவரை யாரையும் ஒரு கடுஞ்சொல் சொல்லாதவள்.

"ஆண்டவர் தர்றதுக்கு நான் தினமும் நன்றி சொல்றேன். இந்தப் பணம் அவர் தந்ததில்ல ரியன். தம்பியப் பார்த்துக்கிட்டதுக்கு இது என் கூலி, அதுலயும் பிடுங்கிட்டுத்தான் தந்தாங்க. நான் போன பிறகு இங்க யாராவது கெய்னருக்கு அதிர்ஷ்டம்னு சொன்னா, எனக்காக நீ சண்டை போடணும். எனக்குச் சண்டை போட வராது."