சுல்தானுக்கு நாங்கள் வைத்த கைநாட்டு

என் கல்யாணத்துக்கு ஒரு சுல்தான் மனம் வைக்க வேண்டியிருந்தது என்று சொன்னால் என் பிள்ளைகள் இன்றைக்கும் சிரிக்கிறார்கள். நானும் சேர்ந்துதான் சிரிக்கிறேன். அன்றைக்கு அழுததை நினைத்தால் எவ்வளவு சிரித்தாலும் தகும்.

மலாய் நாட்டில் வெள்ளைக்காரன் எமர்ஜென்சி போட்டிருந்த காலம் அது. எனக்கு இருபது வயது. கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன். காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள், ரோட்டில் பட்டாளம், நடுவில் நாங்கள். நாங்கள் குடியிருந்த லைன் வீடுகளைச் சுற்றி முள்வேலி போட்டிருந்தார்கள். வேலைக்குப் புறப்படும்போது கேட்டில் கூடையைக் கவிழ்த்துக் காட்ட வேண்டும். ஒரு பிடி சோறுகூட வெளியே போகக்கூடாது, காட்டுக்காரர்களுக்குக் கொடுத்துவிடுவோமாம்.

எனக்குப் பரிசம் போட்டிருந்தவர் தோட்டத்து லோரி டிரைவர். தேயிலைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு மலையிறங்குவார். பரிசம் போட்டு நான்கு மாதம் ஆகியிருந்தது. ஒருநாள் காலையில் தானா ராத்தா டவுனுக்குக் கீழே இருந்த சோதனைச் சாவடியில் அவருடைய லோரியை நிறுத்தினார்கள். சாமான் பெட்டியில் ஸ்பானருக்கு அடியில், ஒரு கந்தல் துணியில் சுற்றி, இரண்டு தோட்டாக்கள் இருந்தன. துப்பாக்கி இல்லை, வேறொன்றும் இல்லை. ஆனால் அந்தக் காலத்துச் சட்டத்துக்கு ஒரு தோட்டாவே போதும்.

"ரோட்டோரத்தில் கிடந்தது, எடுத்து வைத்தேன்" என்பதற்கு மேல் கோர்ட்டில் அவர் வாய் திறக்கவில்லை. தூக்குத் தண்டனை என்று தீர்ப்பானது. மேல் கோர்ட்டிலும் அதுவே நிலைத்தது. கோலாலம்பூர் ஜெயிலில் வைத்திருந்தார்கள்.

என் அப்பா தேயிலை ஃபேக்டரியில் அடுப்படிக்காரர். பேச்சும் அந்த அடுப்பு மாதிரிதான். பரிசத் தட்டையும் சேலையையும் எடுத்துக்கொண்டுபோய் மாப்பிள்ளை வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தார்.

"எம்மவள தூக்குக் கயித்துக்குக் கட்டிக்கொடுக்க மாட்டேன்" என்றார். அத்தோடு பேச்சு முடிந்தது.

எனக்கு முடியவில்லை. அவருடைய அம்மாவை நான் பரிசம் போட்ட நாளிலிருந்தே அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அத்தை தன் மகனைப் பார்க்க ஜெயிலுக்குப் போனபோது, அப்பாவிடம் சொல்லாமல் நானும் பஸ் ஏறிவிட்டேன்.

ஜெயிலில் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். முதல் கேள்வியே, "என்ன இப்படி எளைச்சுப் போயிட்ட?" என்பதுதான். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"அந்தச் சனியன எதுக்கு எடுத்து வெச்சீங்க?"

அத்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "ஒங்கப்பாவுக்குத்தான். தோட்டாவுல சிகரெட் லைட்டர் செஞ்சு குடுக்கிற ஆளு டவுன்ல இருக்கான். கல்யாணத்தன்னிக்கு மாமனார் சுருட்டு பத்தவைக்க ஒண்ணு செஞ்சு குடுக்கலாம்னு பாத்தேன்."

"கோர்ட்டுல இத ஏன் சொல்லல?"

"சொன்னா யாருக்குன்னு கேப்பான்லா. ஒங்கப்பாவையும் புடிச்சு உள்ள போட்டுட்டா? அப்புறம் எனக்குப் பொண்ணு யாரு குடுப்பா?"

நான் சிரித்துவிட்டேன். தூக்குக் கைதியைப் பார்க்க வந்த இடத்தில் ஒரு பெண் வாய்விட்டுச் சிரிப்பதைக் கேட்டு வார்டர் திரும்பிப் பார்த்தார். எனக்கு அழுகையும் அதோடுதான் வந்தது. கிளம்பும்போது அந்த வார்டரே அத்தையிடம் சொன்னார்: இனி மிச்சமிருப்பது கருணை கேட்டு உங்கள் மாநிலத்துச் சுல்தானுக்கு மனுப் போடுவது ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லாமல் போனதற்கு அடிக்கத்தான் எழுந்தார். லைட்டர் என்றதும் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வாயிலிருந்த சுருட்டை எடுத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த வாயில நெருப்பு வெக்கிறதுக்கா அந்தப் பய கழுத்தக் குடுத்தான்?" என்றார்.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாகக் கிராணியின் முன்னால் போய் நின்றார். கிராணி என்றால் தோட்டத்து ஆபீஸ் எழுத்தர். அவர் நல்ல மனுஷன். "இங்கிலீஷ்ல நான் எழுதித் தரேன். ஆனா சுல்தானுக்கு மலாய்ல, ஜாவி எழுத்துல, அதான் அரபு எழுத்துல போனாத்தான் மரியாதை. தானா ராத்தா சாப்பாட்டுக் கடை பாய்கிட்ட போ. அவரு எழுத்து முத்து முத்தா இருக்கும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டுக் கூட்டம் ஓய்ந்த பிறகு, பாய் ஒரு பளிங்கு மேசையைத் துடைத்துக் காகிதத்தை விரித்தார். அப்பாவும் அத்தையும் நானும் எதிரில் உட்கார்ந்தோம். தட்டையும் பரிசத்தையும் பற்றி அப்பாவும் அத்தையும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

"சுல்தான்கிட்ட பேசறப்ப நான்னு சொல்லக் கூடாது. பாத்தேக்னு சொல்லணும். அடியேன்னு அர்த்தம்" என்றார் பாய்.

"அடியேன் நமக்குப் பழகினதுதானே? தெனம் தொரைகிட்ட சொல்றோம்" என்றார் அப்பா.

"தொரை வேற, ராஜா வேறலா."

அப்பாவுக்குப் பொறுமை இல்லை. "பாய், எழுதுங்க. அந்தத் தோட்டா எனக்காக எடுத்தது. தொங்கவிடணும்னா என்னத் தொங்கவிடச் சொல்லுங்க."

பாய் பேனாவைக் கீழே வைத்தார். "அண்ணே, மன்னிப்புக் கேக்கிற கடுதாசியில இன்னொரு கழுத்த நீட்டக் கூடாது. மாமனார சந்தோசப்படுத்த நெனைச்சு ஒரு சின்னப்பய புத்தி கெட்டுச் செஞ்சுட்டான்னு எழுதறேன். சுல்தானுக்கும் மாமனார் இருந்திருப்பாரு. புரியும்."

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மகன் பிடிபட்ட நாளிலிருந்து அவள் சிரித்து நான் பார்த்ததில்லை.

மனுவில் எத்தனை கைநாட்டு விழுகிறதோ அவ்வளவு பலம் என்றார் கிராணி. நாலு பேர் கூடி நின்றாலே கேள்வி கேட்கிற காலம். அதனால் துரையிடம் அனுமதி கேட்டோம். வெள்ளைக்காரத் துரை இங்கிலீஷ் நகலை இரண்டு தடவை படித்தார். அந்த டிரைவர் போனதிலிருந்து ஒரு தேயிலைப் பெட்டிகூட உடையாமல் கீழே போய்ச் சேர்ந்ததில்லை என்று முணுமுணுத்துவிட்டு, முதல் கையெழுத்தை அவரே போட்டார். பெரட்டுக்கு, அதாவது காலையில் பேர் கூப்பிட ஆட்கள் வரிசையாக நிற்கும்போது, கைநாட்டு வாங்கிக்கொள்ளச் சொன்னார்.

அங்கேதான் வம்பு வந்தது. கொழுந்து பறிக்கிற கை எங்கள் கை. வருஷக்கணக்கில் தேயிலைச் சாறு ஏறி, பெருவிரல் ரேகையெல்லாம் கறுத்துத் தேய்ந்து கிடந்தது. மையில் தொட்டு அழுத்தினால் காகிதத்தில் வெறும் கறுப்புப் பொட்டுதான் விழுந்தது.

"இது கைநாட்டா, கரித்துண்டா? எல்லாத்தையும் ஒரே ஆளு வெச்சான்னு நெனைச்சிருவாங்க" என்று கிராணி தலையில் கை வைத்தார்.

அன்று சாயங்காலம் பொதுக் குழாயடியில் தோட்டத்துப் பெண்கள் அத்தனை பேரும் எலுமிச்சம்பழமும் அடுப்புச் சாம்பலும் வைத்துக்கொண்டு விரலைத் தேய்த்தோம். லைன் முழுக்க எலுமிச்சை வாசம். ஒருத்தி தன் கையைத் தூக்கிப் பார்த்து, "இந்தக் கையக் காட்டி நானே இன்னொரு கல்யாணம் பண்ணிக்கலாம் போலிருக்கே!" என்றாள். அவள் புருஷன் வீட்டுக்குள்ளிருந்து, "மொதல்ல இருக்கிறவனுக்குச் சோத்தப் போடு!" என்று கத்தினான். குழாயடியே அதிர்ந்தது. மறுநாள் பெரட்டில் ரேகை சுழி சுழியாக, அழகாக விழுந்தது.

அப்பா எங்கள் தோட்டத்தோடு நிற்கவில்லை. லீவு நாளிலெல்லாம் பக்கத்துத் தோட்டங்களுக்கு நடந்தார். கோலா தெர்லாவில் காய்கறி போடும் சீனர்களிடமும் போனார். அவருக்குச் சீனம் தெரியாது, அவர்களுக்குத் தமிழ் தெரியாது. கழுத்தில் கயிறு மாட்டுவதுபோல் காட்டி, விரலை மடக்கித் தோட்டா இத்தனை பெரிசு என்று காட்டி, சுருட்டுப் பற்றவைப்பதுபோல் காட்டி, கடைசியில் தன் நெஞ்சில் தானே குத்திக்கொள்வாராம். ஒரு சீனக் கிழவி கண்ணில் நீர் வரும்வரை சிரித்துவிட்டு, கைநாட்டும் வைத்து, ஒரு பெரிய முட்டைக்கோஸும் கொடுத்தனுப்பினாள். கோஸைத் தோளில் சுமந்துகொண்டு பட்டாளத்துக்காரன்போல அப்பா வந்த நடை எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. அன்றைக்குத்தான் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான் வயிறாரச் சாப்பிட்டேன்.

மனு ரெஜிஸ்டர் தபாலில் போனது. மழை பிடித்துக்கொண்டது. வாரங்கள் ஓடின. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அத்தை கோயிலுக்குப் போனாள். பாய், தான் பள்ளிவாசலில் கேட்டுக்கொண்டதாகச் சொல்லியனுப்பினார்.

ஒருநாள் காலை பத்து மணி இருக்கும். நாங்கள் மேல்மலையில் பறித்துக்கொண்டிருந்தோம். கீழே கிராணி ஓடி வருவது தெரிந்தது. கிராணி ஓடி நாங்கள் பார்த்ததே இல்லை. காலில் போட்டிருந்த சப்பாத்தெல்லாம் சேறு. பாதி வழியில் மூச்சு வாங்கி நின்று கத்தினார்.

"தூக்கு இல்லே! சுல்தான் மன்னிச்சுட்டாரு!"

கீழ் வரிசைப் பெண்கள் அதைக் கேட்டு மேல் வரிசைக்குக் கத்தினார்கள், அவர்கள் அடுத்த மலைக்குக் கத்தினார்கள். கூடைகள் பறந்தன. எனக்கு என்ன ஆனதென்று தெரியவில்லை. என் கை மட்டும் நிற்காமல் கொழுந்தைக் கிள்ளிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் நின்றவள் கூடையைக் கழற்றி, என்னைக் கட்டிப்பிடித்து உலுக்கியபோதுதான் நினைவு வந்தது.

அந்தக் கூச்சலைக் கேட்டு ரோட்டில் ரோந்து வந்த மலாய்ப் பட்டாளம், யாரோ தாக்குகிறார்கள் என்று நினைத்துத் துப்பாக்கியோடு கால்வாயில் குதித்துவிட்டது. கிராணி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு போய் விஷயத்தைச் சொன்னார். பட்டாளத்துச் சார்ஜன் சேற்றோடு எழுந்து, "அல்ஹம்துலில்லா" என்றார். ஃபேக்டரியிலிருந்து ஓடி வந்த என் அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்பா அவரைக் கட்டிக்கொண்டு அழுதார். சார்ஜனுக்கு எந்தப் பக்கம் பார்ப்பதென்று தெரியவில்லை.

அன்றைக்கே அப்பா அத்தை வீட்டு வாசலில் போய் நின்றார். "சம்பந்தியம்மா, நான் திருப்பிக் குடுத்தத திருப்பிக் குடுங்க."

அத்தை விடுவாளா? "எம்மவன் இன்னும் ஜெயில்லதானே இருக்கான்? ஒங்க பொண்ணு காத்திருக்குமா?"

"அதான் எங்கிட்டகூடச் சொல்லாம பஸ்ஸு ஏறிப் போச்சே! இனிமே யாரு தடுக்கிறது?" என்றார் அப்பா.

தூக்குக்குப் பதில் பத்து வருஷம் என்று போட்டிருந்தார்கள். நன்னடத்தைக்குக் கழித்து ஆறரை வருஷத்தில் விட்டார்கள். அந்த வருஷங்கள் லேசானவை என்று சொல்லமாட்டேன். ஆனால் உயிரோடிருக்கும் மனுஷனுக்காகக் காத்திருப்பது கஷ்டமே இல்லை என்று அப்போது தெரிந்துகொண்டேன்.

வெளியே வந்த அன்று ஜெயில் வாசலில் அத்தையோடு நானும் அப்பாவும் நின்றோம். அவர் வந்து அப்பாவின் காலைத் தொடக் குனிந்தார். அப்பா பிடித்து நிமிர்த்தி, "சாப்பிட்டியா மாப்ளே?" என்று கேட்டார். எதிரே இருந்த கடையில் மாப்பிள்ளை நாலு தட்டுச் சோறு சாப்பிட்டார். அப்பா தன் தட்டைத் தொடாமல் அவருக்கே குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தார்.

அடுத்த மாதம் தோட்டத்துக் கோயிலில் கல்யாணம். மூன்று நாள் விடாத மழை, பந்தல் நாலு இடத்தில் ஒழுகியது. வந்தவர்கள் நனைந்துகொண்டே சாப்பிட்டார்கள். ஒருவர்கூடச் சீக்கிரம் எழுந்து போகவில்லை.