கியர் பாக்ஸில் புகுந்த தண்ணீர்

எங்கள் அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. பழனிசெட்டிபட்டியில் பிறந்தவர். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு கிளீனராகப் போனார், டிரைவரானார், கடைசியில் ஒரு பழைய லாரிக்குச் சொந்தக்காரர் ஆனார். கம்பத்து வாழைத்தாரை ஏற்றிக்கொண்டு லோயர் கேம்ப் வழியாக மலையேறுவதே அவர் பிழைப்பு. உழைப்பாளி, நேர்மையானவர் என்று எல்லா நினைவு மலரிலும் போடுவார்கள். அண்ணன் பெரிய சந்தேகப் பிராணி என்பதையும் நான் சேர்த்துப் போட்டாக வேண்டும். கேன் தண்ணீர் வாங்கினால் மூடியை மோந்து பார்ப்பார். நான் சிரித்தால் தன் சட்டைப்பையைத் தடவிப் பார்ப்பார்.

அந்தச் சந்தேகம் ஒருமுறை குடும்பத்தையே பிரிக்கப் பார்த்தது.

கியர் பாக்ஸிலிருந்து பின்சக்கரத்துக்கு ஓட்டத்தைக் கொண்டுபோகும் ஜாயிண்ட் ஷாப்ட் தேய்ந்துவிட்டது. அல்லிநகரத்தில் பட்டறை வைத்திருக்கும் மச்சான், அதாவது எங்கள் அக்காவின் கணவர், வேறு ஷாப்ட் மாட்டித் தந்தார். ஆயுத பூஜை முடிந்த வாரம் மலையேறும்போது வண்டிக்கு அடியில் மடார் மடார் என்று சத்தம். அண்ணன் கியர் ஆயிலை இறக்கிப் பார்த்தார். பால் ஊற்றிய டீ மாதிரி வந்தது.

"தண்ணி கலந்துருக்குலே. தானா எப்படிப் போகும்? மச்சான்தான் ஊத்தியிருக்காக."

"அவுக எதுக்குண்ணே ஊத்துறாக?"

"நீ பேசாத. உன் மூஞ்சியும் சரியில்ல."

சரியில்லைதான். பூஜைக்கு வண்டியைச் சர்வீஸ் ஸ்டேஷனில் கழுவியதாகச் சொல்லிவிட்டு, வாய்க்காலில் பாதி முங்க இறக்கிக் கழுவியவன் நான்.

அக்கா மகளுக்குக் காதுகுத்து நெருங்கியது. மூத்த தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். அண்ணன் வரமாட்டேன் என்றுவிட்டார். அக்கா போனில் அழுதாள். "அவன் மடி இல்லாட்டி எம்பிள்ளைக்குக் காதே குத்தல. இப்படியே கெடக்கட்டும்."

மச்சானைக் கையும் களவுமாகப் பிடிக்க அண்ணன் பட்டறைக்கே வண்டியை விட்டார். என்னையும் இழுத்துப் போனார். ஷாப்டைக் கழற்றி, பழையதோடு சேர்த்துப் போட்டுக் கயிற்றால் அளந்தார். ஒரு விரல்கடை நீளம் கூட.

"இதுக்கு என்ன மச்சான் சொல்றீக?"

"அன்னைக்கே சொன்னேன்ல மாப்ள, அளவு கூடன்னு? எஞ்சாமானை நம்பாம நீதான பழைய இரும்புக்கடையில தேடி எடுத்தாந்த? அது முட்டி முட்டி ஆயில் சீல் பிஞ்சு கெடக்கு. இத வாய்க்கால்ல இறக்குனா தண்ணி போகாம என்ன செய்யும்? சக்கரத்துல சேறு காஞ்சு கெடக்கு பாரு. எவன் இறக்குனது?"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் ஸ்பானரைப் பார்த்தேன்.

"நான்தான் மச்சான் இறக்குனேன். மனசுல வச்சுக்கிறாதீக" என்றார் அண்ணன்.

மச்சான் சிரித்துவிட்டார். "ஷாப்டும் உன்னது, தண்ணியும் உன்னது, பழி மட்டும் எனக்கா? போ, உங்கக்காகிட்ட காபி வாங்கிக் குடி."

வெளியே வந்ததும் அண்ணன் என் காதைத் திருகினார். "உன்னையச் சொல்லியிருந்தா, இனி பட்டறையில ஒரு நட்டு காணாட்டியும் உன்னையத்தான் பாப்பாக. நான் அப்படித்தானலே பாப்பேன்."

காதுகுத்தில் பிள்ளை அவர் மடியில்தான் உட்கார்ந்தது. ஆசாரியின் ஊசியை அண்ணன் இரண்டு முறை வாங்கிப் பார்த்தார்.

அண்ணனின் கடைசி நாட்களில் மதுரை ஆஸ்பத்திரிக்கு வந்துபோன சொந்தங்களுக்கும், லாரி டிரைவர் நண்பர்களுக்கும் நன்றி. அவர் கட்டிலை விட்டு நகராமல் கிடந்த மச்சானுக்கு நன்றி மட்டும் சொல்லி முடிக்க முடியாது. மச்சான், வாய்க்காலில் வண்டியை இறக்கியது அண்ணன் இல்லை. நான்.