தூங்குமூஞ்சி மரத்தை வெட்டிய ரம்பம்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். காஜா பெராங்கில் முழங்கால் அளவு தண்ணீர் நின்ற நிலத்தில் செம்மண் கொட்டி வீடு கட்டினேன். வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்டுப் பட்டறை வைத்தேன். எத்தனையோ தோட்டங்களில் கிழட்டு ரப்பர் மரங்களைச் சாய்த்துப் புதுக் கன்று வைக்க இடம் பண்ணிக் கொடுத்தேன். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் உட்காரப் பலகை அறுத்துக் கொடுத்தேன். மூன்று பெண்களைப் படிக்க வைத்தேன். ஒருத்தி தாதி, இரண்டு பேர் ஆசிரியைகள். இதற்கெல்லாம் மேலே, பழைய சங்கிலி ரம்பங்கள் பதினான்கு சேர்த்து வைத்திருக்கிறேன். பெட்ரோல் ஊற்றிக் கயிற்றை இழுத்தால் பதினான்கும் உறுமும். எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வெள்ளைக்காரன் பாஷையில் அச்சடித்த கையேட்டைப் படம் பார்த்தே படித்தவன் நான்.

இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், பண்டார் ஹிலிரில் ஒரு கண்காட்சிக் கூடத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் என் முதல் ரம்பம் இருக்கிறது. நான்தான் இரவல் கொடுத்தேன். அதன் பக்கத்தில் ஓர் அட்டை. மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த வருஷம் எங்கள் வட்டாரத்துப் பெரிய தூங்குமூஞ்சி மரத்தை இந்த ரம்பத்தால் தனியாளாக நின்று வெட்டியவர் என் அண்ணன் என்று அதில் எழுதியிருக்கிறது. என் பெயர் எந்த மூலையிலும் இல்லை. அடுத்த மாதம் அந்த அட்டையில் இருப்பது அப்படியே புத்தகமாக அச்சாகிப் பள்ளிக்கூடங்களுக்குப் போகிறதாம். என் பேரப்பிள்ளைகள் அதைப் படிப்பார்கள். படித்துவிட்டு, தாத்தா இத்தனை வருஷம் புளுகியிருக்கிறார் என்று நினைப்பார்கள்.

அட்டையை எழுதியவன் என் அண்ணன் மகன். பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். படித்தவன் எழுதினால் பொய்கூட எழுத்துப்பிழை இல்லாமல் வருகிறது.

முதலில் ரம்பத்தைப் பற்றிச் சொல்கிறேன். செமாபோக் பக்கம் ஒரு பலகை ஆலையில் அது குப்பையோடு குப்பையாகக் கிடந்தது. பட்டாளத்துக்காரர்கள் விட்டுப் போன சாமான். எஞ்சின் இறுகிப் போயிருந்தது. ஆலைத் தவுக்கேயிடம், சீன முதலாளியிடம், கேட்டேன். "அது செத்த மாடு. வேணும்னா இழுத்துக்கிட்டுப் போ" என்று மலாயில் சொல்லிவிட்டுச் சிரித்தார். சைக்கிளில் கட்டித் தள்ளிக்கொண்டே வீடு வந்தேன். மண்ணெண்ணெயில் ஊறப் போட்டேன். பிஸ்டன் வளையத்தை நானே அரம் போட்டுத் தேய்த்துச் சேர்த்தேன். அறுந்த சங்கிலிக்கு ஆணி அடித்தேன். மூன்று மாதம் கழித்து ஒரு விடியற்காலை அது உறுமியபோது பக்கத்து வீட்டுக் கோழியெல்லாம் வேலி தாண்டிப் பறந்தது.

அந்தக் காலத்து ரம்பம் இன்றைக்குக் கடையில் தொங்குவது போல ஒற்றைக் கைச் சாமான் இல்லை. இரண்டு ஆள் ரம்பம். எஞ்சின் பக்கம் ஓர் ஆள். வாளின் மறுமுனையில் ஒரு கைப்பிடி இருக்கும். அதைப் பிடிக்க இன்னோர் ஆள். எஞ்சின்காரனுக்குக் காது அடைத்துவிடும், புகையில் கண்ணும் தெரியாது. முனையில் நிற்கிறவர்தான் மரம் எந்தப் பக்கம் அசைகிறது, வெட்டுவாய் திறக்கிறதா மூடுகிறதா என்று பார்க்க வேண்டும். கைப்பிடியை ஒரு தடவை சுண்டினால் நிறுத்து. இரண்டு தடவை சுண்டினால் போ. முனைக்காரர் தப்புப் பண்ணினால் இரண்டு பேரும் மரத்தடியில்தான். தனியாளாக வெட்டினாராம்! அந்த ரம்பத்தைத் தனியாளாகத் தூக்கிக்கொண்டு நிற்கலாம். நின்று போட்டோ எடுக்கலாம். வெட்ட முடியாது.

அந்த மரம் கம்போங் செட்டி ஓரத்தில், இரண்டு ஓட்டு வீடுகளுக்கு நடுவே, ஒரு குடும்பக் கோவிலின் கூரைமேல் சாய்ந்து நின்றது. வேர் பெயர்ந்துவிட்டது. அடுத்த மழைக்குத் தாங்காது என்று எல்லோருக்கும் தெரியும். கைரம்பக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு போனார்கள். எந்தப் பக்கம் விழுந்தாலும் ஒரு கூரை போகும். விழுவதற்கு என்று ஒரே ஒரு சந்துதான் இருந்தது.

வேலையைப் பேசி முடித்தவர் அண்ணன். அதை நான் மறுக்கவில்லை. அவர் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி, இங்கிலீஷ் பேசுவார், யாரிடமும் போய் நிற்பார். எனக்கு வாய் கிடையாது, கைதான். மற்ற மரங்களில் அவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து முனையைப் பிடித்திருக்கிறார். ஆனால் இந்த மரத்துக்கு நாள் குறித்தபோது பின்வாங்கினார். அண்ணி முழுகாமல் இருந்தாள். மனைவி வயிற்றில் பிள்ளை இருக்கும்போது புருஷன் மரம் வெட்டக் கூடாது, முடி வெட்டக் கூடாது, பிணம் தூக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டில் சட்டம் மாதிரி. அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

"அப்ப முனையை யாரு பிடிக்கிறது?" என்று கேட்டேன்.

அம்மா என் மனைவியைப் பார்த்தாள். எங்களுக்குக் கல்யாணமாகி ஐந்து வருஷம் ஆகியிருந்தது. பிள்ளை இல்லை.

"இவ பிடிக்கட்டும். இவ வயித்துல என்னா இருக்கு, கெட்டுப் போறதுக்கு?"

அண்ணி கீழே பார்த்தாள். அண்ணன் தொண்டையைக் கனைத்தார். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. இன்றைக்கும் அந்த இடத்தை நினைத்தால் பல்லை நறநறவென்று கடிக்கிறேன், அம்மாமேல் பாதி, என்மேல் பாதி. என் மனைவி மட்டும் கொடியில் கிடந்த என் பழைய சட்டையை எடுத்துச் சேலைக்கு மேல் போட்டு, பொத்தானைக் கழுத்து வரைக்கும் மாட்டிக்கொண்டாள்.

"எங்க நிக்கணும், சொல்லுங்க" என்றாள்.

பன்னிரண்டு வயதிலிருந்து ரப்பர்ப் பால் வெட்டிய கை அவளுடையது. இரண்டு நாள் நான் மேலே ஏறிக் கைரம்பத்தால் கிளை இறக்கினேன். அவள் கீழே நின்று கயிறு பிடித்தாள். மூன்றாம் நாள் காலையில் சூடம் கொளுத்தி மரத்திடம் மன்னிப்புக் கேட்டோம். மரம் விழ வேண்டிய சந்துப் பக்கம் முதலில் வாய் வெட்டினோம். பிறகு பின்பக்கம் போய் ரம்பத்தை வைத்தோம். கோவிலுக்குப் பக்கத்து வீட்டுச் செட்டிப் பெரியவருக்குத் தமிழ் வராது, தலைமுறை தலைமுறையாக மலாய் பேசுகிறவர்கள். வாசலில் நின்றுகொண்டு, "ஆத்தாப் சாயா! ஆத்தாப் சாயா!" என்று தன் கூரைக்காகக் கத்திக்கொண்டே இருந்தார்.

பாதிக்கு மேல் வாள் இறங்கியபோது கைப்பிடி ஒரு தடவை சுண்டியது. நிறுத்தினேன்.

"என்னா?"

"மரம் பின்னால உக்காருது. வெட்டு மூடுது பாருங்க."

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "உனக்கென்ன தெரியும்? ஒழுங்கா நிக்குது" என்றேன்.

"ஆப்பு அடிங்க. அடிக்காம நான் கைய வைக்க மாட்டேன்."

முறைத்துக்கொண்டே ஆப்பு அடித்தேன். மூன்றாவது அடியில் மரம் மூச்சு விட்டது போல ஒரு சத்தம். அவள் சொன்னது சரி. இன்னும் ஒரு விரற்கடை அறுத்திருந்தால் மரம் வாளைக் கவ்விக்கொண்டு பின்னால் கோவில்மேல் உட்கார்ந்திருக்கும். இரண்டு சுண்டு சுண்டினாள். அறுத்தோம். மரம் சந்துக்குள் நூல் பிடித்தது போல விழுந்தது. இரண்டு பக்கமும் ஓர் ஓடுகூட நகரவில்லை. செட்டிப் பெரியவர் ஓடி வந்து என் தோளைத் தட்டவில்லை. என் மனைவியைப் பார்த்து, "குவாட்! குவாட்!" என்று, பலசாலி பலசாலி என்று, கைதட்டினார்.

அண்ணன் அப்போது சந்தின் மறுகோடியில் நின்று, வருகிற போகிறவர்களை ஒதுங்கு ஒதுங்கு என்று விரட்டிக்கொண்டிருந்தார்.

மாலையில் போட்டோக்காரரைக் கூட்டி வந்தவரும் அவரே. நான் ஆற்றில் குளிக்கப் போயிருந்தேன். என் மனைவி வீட்டில் உள்ளங்கைக் கொப்புளத்துக்கு மஞ்சள் வைத்துக்கொண்டிருந்தாள். ரம்பத்தோடு அண்ணன் மட்டும் நிற்கிற அந்தப் போட்டோதான் இப்போது அட்டைக்கு மேலே மாட்டியிருக்கிறது.

அதற்குப் பிறகு எத்தனையோ ரம்பம் வாங்கினேன். மஞ்சள் ரம்பம் வந்த வாரம் மூத்தவள் பிறந்தாள். அதன் ரப்பர்ப் பிடியில் அவள் பால்பல் தடம் இருக்கிறது. பச்சை ரம்பத்தை அண்ணன் இரவல் வாங்கிப் போய் எண்ணெய்த் தொட்டியில் மணல் போட்டுக் கொண்டுவந்தார். இரண்டு மாதம் அவரோடு பேசவில்லை. சிவப்பை சிங்கப்பூர்க்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிடலாம் என்று மாப்பிள்ளை சொன்னார். பட்டறைப் பக்கமே வராதீர்கள் என்று சொல்லிவிட்டேன். பழைய இரும்பு என்கிறார்கள். ஒவ்வொன்றிலும் யாருடைய வியர்வை இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

கண்காட்சி திறந்த அன்று புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். அட்டையை என் பேத்தி வாசித்துக் காட்டினாள். பிறகுதான் ரம்பத்தைப் பார்த்தேன். முனைக் கைப்பிடியைக் காணோம்.

"கைப்பிடி எங்கடா?" என்று அண்ணன் மகனைக் கேட்டேன்.

"பெட்டி நீளம் பத்தல சித்தப்பா. ரொம்ப சூசாவா, சிரமமா போச்சு. அத மட்டும் கழட்டி உள்ள பத்திரமா வச்சிருக்கு. அது என்னா, சும்மா சேத்து வச்ச துண்டுதானே?"

"துண்டா? அத உன் சித்தி பிடிச்சா. அவ பிடிக்கலைன்னா அந்தக் கோவில் இன்னிக்கு இருந்திருக்காது."

அவன் சுற்றிலும் பார்த்தான். நாலு பேர் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "மெல்லப் பேசுங்க சித்தப்பா. படத்துல அப்பாதான் நிக்கிறாரு. நாங்க ஆதாரத்த வச்சுத்தான் எழுத முடியும். உங்ககிட்ட ஏதாச்சும் ஆதாரம் இருக்கா?"

"இருக்கு. நீதான்."

"என்னா?"

"நீ எப்படா பொறந்த?"

"சுதந்திரத்துக்கு அடுத்த மாசம்."

"மரம் விழுந்தது?"

"சுதந்திரத்துக்கு முந்தி. ஊர்வலம் அந்தப் பக்கம் வருது, அதுக்குள்ள சாய்ச்சிடணும்னு..." அவன் பாதியில் நிறுத்தினான். அவனுக்கும் அந்த வீட்டுச் சட்டம் தெரியும். அவன் மனைவி இரண்டு தடவை முழுகாமல் இருந்தபோதும் அவன் தலையில் கத்தரிக்கோல் பட விடவில்லை, நான் பார்த்திருக்கிறேன்.

ஆனாலும் படித்தவன் விடுவானா? "அப்பா அதெல்லாம் பாக்க மாட்டாரு சித்தப்பா. அவரு முற்போக்கு" என்றான்.

நான் அவன் கையைப் பிடித்துப் போட்டோவுக்கு முன்னால் இழுத்துப்போய் நிறுத்தினேன். "உங்க அப்பாவ நல்லாப் பாரு. தாடிய பாரு. அவரு வாழ்க்கையில ஒரு நாள் தாடி வச்சு நீ பாத்திருக்கியா? தினமும் காலைல பசியாறுறதுக்கு முந்தி மழிக்கிற மனுஷன். உனக்காக விட்ட தாடிடா அது! முடிய எடுக்காதவரு மரத்த எடுத்திருப்பாரா? சட்டைய பாரு, இஸ்திரி மடிப்பு கலையல. கை எங்க வச்சிருக்காரு? புகைக் குழாய்மேல. ஓடுன எஞ்சின்ல அங்க கை வச்சா தோல் உரிஞ்சிரும். ஆறிப் போன எஞ்சின அணைச்சுக்கிட்டு நிக்கிறாரு உங்க அப்பா."

பேத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணன் மகன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான், மாட்டினான், மறுபடி போட்டோவைப் பார்த்தான். வெகு நேரம் அந்தத் தாடியையே பார்த்தான்.

"அப்பா செத்துப் பத்து வருஷம் ஆச்சு சித்தப்பா. இப்பப் போயி... விட்டுடுங்களேன். கண்காட்சிக் கமிட்டில வேற கேக்கணும்."

"நான் இன்னும் சாகலயே. அதுக்கு என்னா பண்றது?"

அவன் வந்தவர்களை வரவேற்கப் போய்விட்டான். கமிட்டியிலிருந்தும் இதுவரை ஒருவரும் வரவில்லை. வீட்டில் வந்து சொன்னபோது என் மனைவி கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தாள். "என் பேரு கெடக்கட்டும். கைப்பிடிய மொதல்ல மாட்டச் சொல்லுங்க. மொண்டி மாதிரி நிக்குமில்ல" என்றாள். அவள் கோபம் அவ்வளவுதான் வெளியே வரும். எனக்கு அப்படி இல்லை.

ஆகவே கமிட்டிக்காரர்களே, எல்லோரும் படிக்கிற பத்திரிகையிலேயே எழுதுகிறேன். நீளமான பெட்டி செய்யுங்கள். பலகை இல்லையென்றால் நான் அறுத்துத் தருகிறேன். கைப்பிடியை அதன் இடத்தில் மாட்டுங்கள். தனியாளாக என்ற சொல்லை அடியுங்கள். செத்த எஞ்சினுக்கு உயிர் கொடுத்து, அந்த மரத்தில் எஞ்சின் பக்கம் நின்றவன் நான் என்று என் முழுப் பெயரைப் போடுங்கள். முனையில் நின்று மரத்தை வழிநடத்தியவள் என்று என் மனைவியின் பெயரை, அதே அளவு எழுத்தில், பக்கத்திலேயே போடுங்கள். அண்ணனுக்கும் உரியதை நான் பிடுங்க மாட்டேன்: வேலையைப் பேசி முடித்தவர், கூட்டத்தை விலக்கியவர் என்று எழுதுங்கள், அது உண்மை. இவ்வளவும் புத்தகம் அச்சுக்குப் போவதற்கு முன்னால் நடக்க வேண்டும். நடக்காவிட்டால் பெட்டியைத் திறந்து வையுங்கள். லோரியோடு வருகிறேன். என் ரம்பத்தை என்னிடம் கொடுத்துவிட்டு, வெறும் போட்டோவை வைத்துக்கொண்டு கண்காட்சி நடத்துங்கள்.