தீபத்தன்று உலையடியில் நின்றவன்

இரும்புக் கம்பி செய்யும் எங்கள் ரோலிங் மில்லை மூடுவதென்று முடிவானதும் முதலாளி என்னைக் கூப்பிட்டார். "மில்லோட கதைய சின்ன புக்கா போட்டு எல்லாருக்கும் குடுக்கலாம்னு இருக்கேன். உன் டைரியில எல்லாம் இருக்குமே?"

இருந்தது. டைம் ஆபீஸ் குமாஸ்தாவாகச் சேர்ந்த நாளிலிருந்து எழுதி வருகிறேன். எந்த ரோல் எப்போது உடைந்தது, எத்தனை மணிக்குக் கரண்ட் போனது, சுற்றி வேர்க்கடலை விளைந்த மணிலாக் கொல்லைகள் எந்தெந்த வருடம் மனைகளாயின, புகைக்கு எதிராக முதல் மனு எப்போது போனது, எல்லாம். பக்கத்து வேங்கிக்காலில் எழுந்த பல வீடுகளுக்குள் எங்கள் கம்பிதான் இருக்கிறது. அதையும் எழுதினேன்.

ஒரு கார்த்திகை தீப நாளின் பக்கத்தில் வந்து பேனா நின்றது. "உலைக்காரர் இடத்தில் இல்லை. கட்டைகள் ஒட்டிக்கொண்டன." அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

தீபத்தன்று மாலை, கட்டைகளைக் கம்பியாக உருட்டும் ரோலைச் சிறிது நேரம் நிறுத்துவோம். எல்லோரும் யார்டுக்கு ஓடி மலையைப் பார்த்துக் கும்பிடுவார்கள். உலையை மட்டும் அணைப்பதில்லை. ரோல் நின்றால் உள்ளிருக்கும் இரும்புக் கட்டைகள் வெளியே வராமல் காய்ந்துகொண்டே இருக்கும். உலையில் எரியும் எண்ணெயைக் குறைக்காவிட்டால் உருகி ஒட்டிவிடும். அதற்காக உலைக்காரர் ஒவ்வொரு வருடமும் உள்ளேயே நிற்பார். கீழ்பென்னாத்தூர்க்காரர். மலை அடிவாரத்தில் வேலை செய்தும் தீபம் ஏற்றுவதைப் பார்த்ததே இல்லை.

"இந்த வாட்டியாவது போய்ப் பாருங்கண்ணே. நான் நிக்கிறேன்" என்றேன்.

"சூடு ஜாஸ்தி சார். உங்க பேனா மையெல்லாம் காஞ்சிடும்" என்று சிரித்தார். பிறகு எண்ணெய் வால்வைக் காட்டினார். "உள்ள வெள்ளையா போச்சின்னா இத கம்மி பண்ணிடுங்க. மறந்துடாதீங்க." சொல்லிவிட்டு யார்டுக்குப் போனார்.

தீபம் தெரியும் நிமிடத்தை வருடாவருடம் டைரியில் குறிப்பது என் வழக்கம். அரோகரா சத்தம் கேட்டதும் கடிகாரத்தோடு வாசலுக்குப் போனேன். நிமிடத்தைக் குறித்தேன். பிறகு அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். திரும்பி வந்தபோது கட்டைகள் ஈர வெல்லம்போல ஒன்றோடொன்று பிடித்திருந்தன.

முதலாளி வந்தார். "உலைல யாருய்யா நின்னது?"

நான் பதில் சொல்வதற்குள் உலைக்காரர் முந்திக்கொண்டார்: "நான்தாங்க. தீபம் பாக்கப் போயிட்டேன்."

திறந்த வாயை மூடிக்கொண்டேன். நாலு நாள் மில் ஓடவில்லை. அவரை யார்டுக்கு மாற்றினார்கள், லோடு ஏற்ற. கடைசிவரை உலைக்குத் திரும்பவில்லை. யார்டிலிருந்து மலை நன்றாகத் தெரியும். தீபத்தன்று மட்டும் அவர் லாரிக்கு மறுபக்கம் போய் நின்றுகொள்வார்.

புத்தகம் வரப்போவது தெரிந்து, போன மாதம் என் வீட்டுக்கு வந்தார். "எனக்குப் படிக்க வராது சார். பேத்திதான் படிச்சிக் காட்டுவா. அந்த தீபத்தன்னிக்கு நடந்தத மட்டும் போடாதீங்க."

உண்மையைப் போட்டுவிடுகிறேன் என்று அப்போது சொல்லியிருக்கலாம். "சரிண்ணே, போடல" என்றேன். உலை பழுதானதால் நாலு நாள் வேலை நின்றது என்று எழுதினேன்.

புத்தகம் கொடுத்த அன்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்ல மனசு சார் உங்களுக்கு." பின் குரலைத் தாழ்த்தினார். "கடைசி பக்கத்துல உலைக்காரங்க பேரும் வருஷமும் போட்டிருக்கீங்களாமே? ஏன் தாத்தா அந்த வருஷத்தோட விட்டுட்டேனு பேத்தி கேக்குறா. வயசாயிடுச்சினு சொன்னேன். கணக்குல கெட்டி சார் அவ. அப்ப உனக்கு முப்பத்தெட்டுதானேங்குறா. இன்னா சொல்றதுனு தெரியல."

கடைசிப் பக்கத்தைப் புரட்டி அந்த வருடத்தைப் பார்த்தேன்.

அந்தப் பட்டியலைச் சரிபார்த்து, வருடம் தவறிவிடக் கூடாதென்று இரண்டு முறை டைரியோடு ஒப்பிட்டவன் நான். அன்று உலையடியில் நின்றவனும் நான்தான். இன்றுதான் இதை எழுதுகிறேன். அவர் பேத்தியிடம் இன்னும் கொடுக்கவில்லை.