ஒல்லி போல்டு

காட்டூர் அக்னஸ் இருபத்திரண்டு வருடமாகப் பாலக்கரையில் ஒரு பிளெக்ஸ் கடையில் டிசைன் செய்கிறார். அவர் வரைந்த எழுத்துருவுக்கு அவராகப் பெயர் எதுவும் வைக்கவில்லை. கடையில்தான் 'ஒல்லி போல்டு' என்றார்கள்.

தமிழ் எழுத்து அகலத்தில் பரவுவது. கட்சி பேனரிலோ முப்பது நிர்வாகிகள் வர வேண்டும். எவர் பெயரும் இன்னொருவர் பெயரைவிடச் சின்னதாகிவிடக் கூடாது. அக்னஸ் எழுத்துகளை நெருக்கினார். உயரத்துக்கு இழுத்தார். கோடுகளைத் தடிமனாக்கினார். 'ண'வுக்குள் மயிரிழை வெளிச்சம்தான் மிச்சம். காதணி விழா, கண்ணீர் அஞ்சலி, பிறந்தநாள் எல்லாவற்றுக்கும் ஊர் அதையே கேட்டது.

போன சித்திரையில் ஸ்ரீரங்கத்துக் குடியிருப்போர் சங்கச் செயலாளர் சடகோபன் வந்தார். கொள்ளிடக் கரையில், மணல் அள்ளிய பள்ளத்தருகே வைக்க ஒரு பலகை. 'இங்கே ஆழம். குளிக்க வேண்டாம்.' கீழே உபயதாரர்கள் பதினோரு பேர்.

"பேரைக் குறைச்சா எச்சரிக்கையப் பெருசா வைக்கலாம் சார்."

"குடுத்தவா கோச்சுப்பாம்மா. உங்க எழுத்துலதான் எல்லாம் அடங்கிடுமே."

அடங்கியது.

வைகாசியில் முசிறியைச் சேர்ந்த கல்லூரி மாணவன் ஆசீர் அந்தப் பள்ளத்தில் மூழ்கினான். அஞ்சலி பேனருக்காக அவன் நண்பர்கள் இரண்டு பேர் அக்னஸின் கடைக்கே வந்தார்கள்.

"அங்க போர்டு இருக்குமே தம்பி."

"இருந்துச்சுக்கா. யாருக்கோ பொறந்த நாளுன்னு நெனச்சோம்."

அக்னஸ் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவன் இனிஷியல் என்ன என்று மட்டும் கேட்டார்.

ஞாயிறு பூசை முடிந்ததும் பஸ் ஏறிக் கொள்ளிடம் போனார். தூரத்தில் தடித்த கறுப்புப் பட்டைகள் தெரிந்தன. எந்தத் தெருமுனையிலும் நின்று படிக்காமல் கடந்துபோகும் அதே பட்டைகள். வரைந்தவர் கண்ணும் அவற்றின்மேல் நிற்காமல் வழுக்கிப்போனது.

வெள்ளைப் பலகையில், அகலமான சாதாரண எழுத்தில் 'ஆழம். இறங்காதீர்கள்' என்று மட்டும் அடித்துச் சடகோபனிடம் கொண்டுபோனார்.

"நன்னாத்தான் இருக்கு. பதினோரு பேரும் எங்கே?"

"பேர் வேண்டாம் சார். ஆடிப்பெருக்குக்குக் கூட்டம் வரும்."

"அதுக்குத்தான் சொல்றேன். அவாளும் வருவா. நான் எப்படி மூஞ்சில முழிக்கறது? தீபாவளி கழியட்டும்."

அக்னஸ் தானே போய் அந்தப் பலகையைப் பழையதன் பக்கத்தில் கட்டிவிட்டு வந்தார்.

ஆடி பதினெட்டு காலையில் போய்ப் பார்த்தபோது இரண்டு பலகைகளையும் மறைத்து ஒரு பேனர் நின்றது. யாரோ ஓர் அண்ணனுக்குப் பிறந்தநாள் வாழ்த்து, ஒல்லி போல்டில். அக்னஸ் கயிற்றில் கை வைத்தார்.

"ஏம்மா, யாரைக் கேட்டு அவுக்குற?" கீழே உட்கார்ந்திருந்த நான்கு பேரில் ஒருவன் எழுந்தான். "அண்ணன் வர நேரம். கைய எடு."

எடுத்துவிட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு, பள்ளத்துக்கு இறங்கும் வழியில் கணுக்கால் நீரில் போய் நின்றுகொண்டார். வருகிற ஒவ்வொரு குடும்பத்திடமும் சொன்னார்: "இங்க ஆழங்க. அந்தப் பக்கம் போங்க." மதியத்துக்குள் தொண்டை கட்டிவிட்டது.

தோளில் குழந்தையோடு வந்த ஒருவர் நின்று கேட்டார். "இத ஒரு போர்டுல எழுதி வைக்கக் கூடாதாங்க?"

அவருக்குப் பின்னால் மூன்று பையன்கள் சட்டையைக் கழற்றிக்கொண்டு ஓடி வந்தார்கள். அக்னஸுக்குக் குரல் எழவில்லை. இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு குறுக்கே போனார்.